பறிக்கப்பட்ட வெயிலும் விற்கப்படும் வில்லையும்

2025 மே மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு மருத்துவச் செய்தி வந்தது. நாள்தோறும் வைட்டமின் டி உட்கொண்டவர்களின் உயிரணுக்களில் மூப்பின் அடையாளம் ஒன்று, ஏறத்தாழ மூன்றாண்டு அளவுக்கு மெதுவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். செய்தி கைமாறக் கைமாற, ‘அடையாளம் ஒன்று’ என்ற சொற்கள் உதிர்ந்துபோயின. மாத்திரை மூன்றாண்டு ஆயுளைக் கூட்டும் என்ற வாக்குறுதி மட்டும் எஞ்சியது. மருந்துக்கடையில் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே ‘அறுபதாயிரம்’ கேட்டு வாங்குவோருள் நம் தோழர்களும் அவர்தம் குடும்பத்தினரும் உண்டு.

இத்தகைய செய்திகளுக்கு நம்மிடையே இருவிதமான எதிர்வினைகள் எழுகின்றன. அறிவியல் சொல்லிவிட்டது என்று வாங்கி விழுங்குவது ஒன்று. ஆண்டு முழுதும் வெயில் காயும் நாட்டில் வெயிலின் சத்துக்கு மாத்திரையா, இது பன்னாட்டு மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி என்று ஒதுக்கித் தள்ளுவது மற்றொன்று. இரண்டும் பிழை. முதலாவது, சந்தையின் குரலை அறிவியலின் குரலென மயங்குகிறது. இரண்டாவது, உழைக்கும் மக்களின் குழந்தைகளிடம் மெய்யாகவே இருக்கும் ஒரு குறையைக் காண மறுக்கிறது. வைட்டமின் டி பற்றாக்குறை உண்மை. ஆனால் அக்குறை கடுமையாக உள்ளவர்களை மருந்து பெரும்பாலும் சென்றடைவதில்லை. ஆயுள் நீளும் என்ற வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை; ஆனால் அதை நம்பி வாங்குவோருள் பலருக்கு மருந்தே தேவையில்லை. இந்த முரண்பாடு தற்செயலானது அன்று. அதன் வேரைத் தேடுவோம்.

எலும்பின் கதை, ஆலையின் கதை

வைட்டமின் டி பெயரால் உயிர்ச்சத்து. செயலால் ஒரு ஹார்மோன். சூரிய ஒளியிலுள்ள புறஊதா ‘பி’ கதிர்கள் தோலின்மீது படும்போது, அங்குள்ள கொழுப்பு சார்ந்த ஒரு பொருளிலிருந்து இது உருவாகிறது. பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளச் செய்கிறது. இயற்கை உணவில் இச்சத்து மிகக் குறைவு. கொழுப்பு மிகுந்த கடல்மீன், மீனெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் ஓரளவு உண்டு. இச்சத்து கிட்டாத குழந்தையின் எலும்பு இறுகுவதில்லை. உடலின் எடை தாங்காமல் கால்கள் வளைகின்றன. இதுவே ரிக்கெட்ஸ். வளர்ந்தவர்களுக்கோ எலும்பு மென்மையாகி, இடுப்பும் தொடையும் வலித்து, தரையிலிருந்து எழுவதே பெரும்பாடாகிறது.

இந்நோய் பேருருக் கொண்டது தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில். ஐரோப்பியர் அதை ‘ஆங்கில நோய்’ என்றே அழைத்தனர். 1845இல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலைமை’ என்ற நூலில், தொழிலாளர் குழந்தைகளிடையே இந்நோய் மலிந்திருப்பதை எங்கெல்ஸ் பதிவு செய்தார். வைட்டமின் என்ற சொல் பிறக்க அப்போது இன்னும் 67 ஆண்டுகள் இருந்தன. நோயின் வேதியியலை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அந்நோய் யாருடைய தெருவில் குடியிருக்கிறது என்பதை அவர் கண்டார். நிலக்கரிப் புகை மூடிய வானம், ஒளி புகாத சந்துகள், விளையாட வேண்டிய வயதில் ஆலைக்குள் அடைபட்ட பிள்ளைகள்: நோயின் முகவரி அதுதான்.

அறிவியல் பின்னர்தான் அங்கு வந்து சேர்ந்தது. 1890இல் தியோபால்டு பாம் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெயில் மிகுந்த நாடுகளில் இந்நோய் அரிதாக இருப்பதைத் தொகுத்துக்காட்டி, வெயிலின்மையே காரணம் என்றார். முதல் உலகப்போர் முடிந்து பசியில் வாடிய வியன்னா நகரில், 1919 முதல் 1922 வரை ஹாரியட் சிக் தலைமையிலான ஆய்வாளர்கள், மீனெண்ணெய் கொடுத்தாலும் வெயிலில் கிடத்தினாலும் குழந்தை தேறுகிறது என்று நிறுவினர். ஸ்டீரால்கள் பற்றியும் வைட்டமின்களோடு அவற்றுக்குள்ள தொடர்பு பற்றியும் ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் விண்டாஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

கண்டுபிடிப்போடு கூடவே காப்புரிமையும் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், உணவுப்பொருள்களின்மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சி அவற்றில் இச்சத்தை உண்டாக்கும் முறையை 1920களில் கண்டறிந்தார். அந்தக் காப்புரிமையை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. குவேக்கர் ஓட்ஸ் போன்ற நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றன. ஏழைகளின் வெண்ணெயாக இருந்த மார்கரின் தயாரிப்பாளர்களுக்கோ உரிமம் மறுக்கப்பட்டது. பால் பண்ணைகளின் வெண்ணெய்ச் சந்தையைக் காப்பது அதன் நோக்கம். 1940களில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்புரிமையைச் செல்லாதது என்று தீர்ப்பளித்தபோது, ஏழைகளின் உணவுக்கு இச்சத்து மறுக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. யாருக்கு நோய் மிகுதியோ அவர்கள் கைக்கு மருந்து கடைசியில்தான் போகும் என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

சோதனைகள் சொல்வது என்ன?

எலும்புக்கு இச்சத்து வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இதன்மீது ஏற்றப்பட்ட பொறுப்புகள் வேறு. மாரடைப்பைத் தடுக்கும், புற்றுநோயைத் தடுக்கும், நீரிழிவைத் தடுக்கும், கொரோனாவைத் தடுக்கும், முடிவில் முதுமையையே தடுக்கும் என்று பட்டியல் நீண்டது. இரத்தத்தில் இச்சத்து குறைந்தவர்களிடம் இந்நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன என்பதே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

இங்கே காரணமும் விளைவும் இடம் மாறக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயுற்றவர் வெளியே நடமாடுவதில்லை. படுக்கையில் கிடப்பவர்மீது வெயில் படுவதில்லை. ஆகவே அவரது இரத்தத்தில் வைட்டமின் டி குறைகிறது. குறைவு நோயை உண்டாக்கியதா, நோய் குறைவை உண்டாக்கியதா? வெறுமனே கணக்கெடுத்தால் இதற்கு விடை கிடைக்காது. குலுக்கல் முறையில் மக்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சத்து மாத்திரையும் மற்றதற்குச் சத்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, யார் எதை உண்கிறார் என்று எவருக்கும் தெரியாதபடி ஆண்டுக்கணக்கில் கவனித்தால்தான் விடை கிடைக்கும்.

அப்படிப்பட்ட சோதனைகள் நடந்து முடிந்துவிட்டன. மிகப் பெரியது அமெரிக்காவில் நடந்த ‘வைட்டல்’ சோதனை. 50 வயது கடந்த ஆண்களும் 55 வயது கடந்த பெண்களுமாக 25,871 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 5,000க்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பாதிப்பேருக்கு நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி தரப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கும் சற்று மேலாகக் கவனித்து, 2018இல் முடிவு வெளியிடப்பட்டது. புற்றுநோய் தோன்றுவதோ மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சத்து மாத்திரை உண்டவர்களில் 485 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 493 பேர். எலும்பு முறிவும் குறையவில்லை என்று அதே சோதனையின் 2022ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

ஆஸ்திரேலியாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேருக்கு மாதம் ஒருமுறை 60,000 அலகு என்ற அளவில் ஐந்தாண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். நம் மருந்துக்கடைகளில் விற்கப்படும் அதே அறுபதாயிரம்தான். இறப்பு குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அதே நாட்டில் அதற்கு முன்பே, 70 வயது கடந்த 2,256 பெண்களிடம் ஒரு சோதனை நடந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் அலகை மொத்தமாகக் கொடுத்தபோது, அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்கு மாறாகக் கூடின. 2010இல் வெளியான இம்முடிவு, கூடுதல் என்பது எப்போதும் நல்லதன்று என்பதற்குச் சான்று.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்கள், ‘வைட்டல்’ சோதனையில் சத்து உண்டவர்களிடம் 22 விழுக்காடு குறைவாகத் தோன்றின. முதியோர் இல்லங்களில் வெளியே வராமல் வாழ்பவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கடுமையான பற்றாக்குறை உள்ளவர்களுக்கும் இது பயன்தரும் மருந்து. மேலும், இப்பெரிய சோதனைகளில் பங்கேற்றோருள் பெரும்பாலோரிடம் தொடக்கத்திலேயே போதிய அளவு சத்து இருந்தது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்தோடும் என்பதைத்தான் அவை காட்டின. வெற்றுக் குடத்திலும் ஊற்ற வேண்டாம் என்று அவை சொல்லவில்லை. இவ்வேறுபாடு நமக்கு முக்கியமானது.

இனி அந்த மூன்றாண்டுச் செய்திக்கு வருவோம். நம் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் என்ற காப்புறை இருக்கிறது. வயதாக ஆக அது குறுகும். 2025இல் வெளியான ஆய்வு தனியொரு சோதனை அன்று. அதே ‘வைட்டல்’ சோதனையின் கிளை. 1,054 பேரிடம் நான்காண்டுகள் அளந்து பார்த்ததில், சத்து உண்டவர்களின் டெலோமியர் குறுகுவது மெதுவாகியிருந்தது. அது சுவையான அறிவியல், மேலும் ஆராயத்தக்கது. ஆனால் எந்தச் சோதனையின் கிளையில் இந்த மூன்றாண்டு மிச்சமானதோ, அந்தச் சோதனையின் அடிமரத்தில்தான் இறப்பு 485க்கு 493 என்று நின்றது. கிளையின் செய்தியை உலகறியச் செய்தவர்கள் அடிமரத்தை மறந்துவிட்டார்கள்.

குறைபாடு, போதாமை: இரு சொற்களின் அரசியல்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே இரண்டு சொற்களைக் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். ‘உயிருக்கு வேண்டிய அமீன்’ என்ற பொருளில் காசிமிர் ஃபங்க் 1912இல் ஆக்கிய சொல்லே வைட்டமின். பிற்பாடு, எல்லா வைட்டமின்களும் அமீன்கள் அல்ல என்று தெரிந்தது. நாம் அதை உயிர்ச்சத்து என்றோம். அழகிய ஆக்கம்தான். ஆயினும், உயிர் என்ற முன்னொட்டு, ‘எவ்வளவு உண்டாலும் உயிருக்கு நல்லது’ என்ற மயக்கத்தையும் கூடவே சுமந்து வருகிறது. விளம்பரம் எழுதுவோருக்கு இதைவிட வசதியான சொல் வேறில்லை.

அதைவிட விலைமதிப்புள்ளவை ‘குறைபாடு’, ‘போதாமை’ என்ற இரு சொற்கள். மருத்துவ அறிக்கைகளைத் தமிழாக்குபவர் இவ்விரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். குறைபாடு நோயின் வாசல். போதாமை என்பது, ஒரு குழு விரும்பத்தக்கதென வகுத்த எல்லைக்குக் கீழே இருத்தல் மட்டுமே. 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகம், இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறத்தாழ எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. அடுத்த ஆண்டே, அந்நாட்டின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் அந்த எல்லையை 30 ஆக்கியது. கோடு பத்துப் புள்ளி உயர்ந்ததும், கோட்டுக்கு மேலே நலமாக இருந்த கோடிக்கணக்கான மனிதர்கள் ஒரே நாளில் போதாமை உள்ளவர்களாயினர். அவர்கள் உடலில் எதுவும் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது. அவ்வழிகாட்டுதலை வகுத்த குழுவின் தலைவர், மருந்து நிறுவனங்களிடமும் பரிசோதனை நிறுவனங்களிடமும் பணம் பெற்றுவந்ததை 2018இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொணர்ந்தது.

அதே சங்கம் 2024இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. அந்த 30 என்ற எல்லையைக் கைவிட்டது. நலமாக உள்ள வளர்ந்தவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்கள், 75 வயது கடந்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே துணைச்சத்தைப் பரிந்துரைத்தது. ஆனால் நம் நகரங்களின் பரிசோதனைக் கூடங்கள் விற்கும் ‘முழு உடல் பரிசோதனை’த் தொகுப்புகளில் வைட்டமின் டி இன்னும் இடம்பெறுகிறது, 30க்குக் கீழ் வந்தால் தடித்த எழுத்தில் அச்சாகிறது. தடித்த எழுத்தைக் கண்ட அன்றே மாத்திரை வாங்கப்படுகிறது.

வெயிலும் வர்க்கமும்

அப்படியானால் இந்தியாவில் குறைபாடே இல்லையா? இருக்கிறது. ஒன்றிய அரசின் விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 2016-18இல் நடந்தது. அது 30 என்ற தாராள எல்லையைக் கொள்ளவில்லை; 12 நானோகிராமுக்குக் கீழே என்ற கடுமையான எல்லையையே கொண்டது. அப்படியும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினரும், 5 முதல் 9 வயதினரில் 18 விழுக்காட்டினரும், 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினரும் குறைபாடு உள்ளவர்கள். வெயில் நாட்டில் நான்கில் ஒரு வளரிளம் பிள்ளைக்கு வெயிலின் சத்து இல்லை. வயது ஏற ஏறக் குறைபாடும் ஏறுகிறது என்பதை நோக்குக.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டு பின்னே செல்வோம். 1920களின் தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தின் நாசிக்கில் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்தார்கள். அரைவயிற்றுக் கஞ்சியோடு வயலில் உழைத்த ஏழைகளிடம் அது காணப்படவில்லை. முக்காட்டு வழக்கத்தால் பெண்களையும் குழந்தைகளையும் உள்வீட்டில் அடைத்துவைத்த வசதி படைத்த குடும்பங்களிடம், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, அது இருந்தது. நல்லுணவு இருந்தும் நோய். அரையுணவு இருந்தும் நோயின்மை. இடையில் நின்றது வெயில்.

இன்று அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. வயலிலிருந்து விரட்டப்பட்ட உழவரின் பிள்ளைகள், நகரத்தின் சன்னலற்ற அறைகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். தலைநகர் தில்லியில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதியிலும், அன்று மாசு குறைவாயிருந்த குர்காவுன் பகுதியிலும் வாழ்ந்த இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் இரத்தத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். மோரி கேட் குழந்தைகளின் சராசரி 12.4 நானோகிராம்; குர்காவுன் குழந்தைகளின் சராசரி 27.1. ஒரே சூரியன், ஒரே பருவம். பாதிக்கும் குறைவான சத்து. புறஊதா ‘பி’ கதிரைப் புகைமண்டலம் விழுங்கிவிடுகிறது. எங்கெல்ஸ் கண்ட மான்செஸ்டரின் வானம் இன்று யமுனைக் கரையில் கவிந்திருக்கிறது.

புகை மட்டுமே காரணமன்று. நண்பகலை ஒட்டிய சில மணிநேரத்தில்தான் இக்கதிர் போதிய அளவில் தரையை எட்டுகிறது. நம் நிழல் நம்மைவிட நீண்டிருக்கும் காலையிலும் மாலையிலும் சத்து மிகக் குறைவாகவே உருவாகும். கண்ணாடிச் சன்னலுக்குள் விழும் வெயிலால் ஆவதொன்றுமில்லை. கருந்தோலுக்கு வெண்தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இப்போது அந்த நண்பகலில் யார் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். ஆயத்த ஆடை ஆலையின் தகரக் கூரைக்கடியில் தையற்பொறியின்முன் இளம்பெண்கள். கிடங்குகளில் பொட்டலம் கட்டுவோர். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் அழைப்புமைய ஊழியர். அடுக்குமாடி வீடுகளின் சமையலறைகளில் வீட்டுவேலைத் தொழிலாளர். மறுபுறம், கட்டடத் தொழிலாளிக்கும் உணவு கொண்டுசெல்லும் இளைஞனுக்கும் வெயில் தேவைக்கு மிஞ்சிக் கொட்டுகிறது. அவர்கள் வெப்பவாதத்தில் சுருண்டு விழுகிறார்கள். ஒருவருக்கு அரைமணிநேர வெயிலும் இல்லை. மற்றவருக்கு நிழலே இல்லை. மூலதனத்தின் ஆட்சியில் வெயில்கூடச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

பெண்ணுக்கு இச்சுமை இருமடங்கு. வேலைக்கிடையே வெளியே நிற்க அவளுக்கு இடமில்லை. நின்றால் கேள்வி கேட்கும் சமூகக் காவலர்கள் உண்டு. மகப்பேற்றுக் காலத்தில் தாயிடம் இச்சத்து இல்லையெனில் பிறக்கும் குழந்தைக்கும் இருப்பில்லை. தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமே. இந்திய ஏழைக் குழந்தையின் ரிக்கெட்ஸில் வைட்டமின் டி பற்றாக்குறையோடு கால்சியம் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. பாலும் முட்டையும் இல்லாமல் தானியம் மட்டுமே தட்டில் விழும்போது அதுதான் நேரும். அந்நிலையில், சைவப் பண்பாட்டின் பெயரால் பல மாநில அரசுகள் பள்ளி உணவிலிருந்தும் அங்கன்வாடியிலிருந்தும் முட்டையை விலக்கிவைக்கின்றன.

சந்தை வகுத்த வழி

இந்தக் குறைக்குச் சந்தை தரும் தீர்வு, வாங்கச் சக்தியுள்ளவருக்கு ஒரு மாத்திரை. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைட்டமின் டி3 இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அதற்கு விலை உச்சவரம்பு உண்டு. ஆனால் அதையே கால்சியத்தோடும் பிற சத்துகளோடும் கலந்து, ‘உணவுத் துணைப்பொருள்’ என்று பெயர்சூட்டிவிட்டால் உச்சவரம்பு தொடாது. மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம். உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம். இரண்டு கதவுகளுக்கிடையே லாபம் வழுவிச் செல்கிறது.

அளவு பற்றிய குழப்பமும் சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு ஒருநாள் தேவை 600 அலகு. அறுபதாயிரம் அலகு மாத்திரையோ நூறு நாள் தேவை. மருத்துவர் பற்றாக்குறைக்கு வாரம் ஒன்றென எட்டு வாரம் எழுதித்தருவதை, சிலர் நாள்தோறும் விழுங்குகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். இச்சத்து கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. மிகுந்தால் சிறுநீரில் போய்விடாது. இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் குழப்பமும் சிறுநீரகச் சேதமும் உண்டான நோயாளிகளைக் காஷ்மீர் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். குறைபாடு பரவலாயிருக்கும் ஒரு நிலப்பகுதியிலேயே நஞ்சாதலும் நேர்கிறது. ஒரு வீட்டில் துளியும் இல்லை, அடுத்த வீட்டில் பொங்கி வழிகிறது. திட்டமற்ற விநியோகம் என்பதன் பொருள் இதுவே.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்கு ஃபின்லாந்து ஒரு விடை. ஆண்டில் பாதி நாள் வெயில் எட்டாத அந்நாடு, 2003 முதல் குடிபாலில் வைட்டமின் டி சேர்க்கத் தொடங்கியது. 2010இல் அளவை இரட்டித்தது. மாத்திரை வாங்காதவர்கள் உட்பட மக்கள்தொகை முழுவதன் சராசரி அளவு உயர்ந்தது. இந்தியாவிலும் பாலிலும் எண்ணெயிலும் வைட்டமின் ஏ, டி சேர்க்க 2018இல் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. ஆனால் அத்தகைய பொருள் உறையிட்ட பாலாகவும் உறையிட்ட எண்ணெயாகவுமே வருகிறது. சில்லறையாக அளந்து எண்ணெய் வாங்குபவரின் கிண்ணத்தை அது எட்டுவதில்லை. செறிவூட்டல் என்ற பெயரில் ஒருசில பெருநிறுவனங்களுக்கு ஒப்பந்தம் போவதை எதிர்ப்பது சரியே. அதனால் செறிவூட்டலின் அறிவியலையே மறுத்துவிடக் கூடாது. கேள்வி, யார் கட்டுப்பாட்டில், யாருடைய தட்டுக்கு என்பதே.

நாம் கோர வேண்டியவை

தனிப்பட்ட முறையில் தோழர்களுக்குச் சொல்லத்தக்கது சில வரிகளே. நோய்க்குறி ஏதுமில்லாமல் இப்பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம். ஆயுள் கூடும் என்று நம்பி மாத்திரை உண்ண வேண்டாம். எலும்பு வலியோ, தரையிலிருந்து எழுவதில் தளர்ச்சியோ இருப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோர் ஆகியோர் மருத்துவரைக் காண வேண்டும். அவர் எழுதிய மருந்தை, எழுதிய அளவில், எழுதிய காலம் வரை உண்ண வேண்டும். கைக்குழந்தைக்கு முதல் ஓராண்டு நாள்தோறும் 400 அலகு சொட்டுமருந்து வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அதை ‘நம் பாட்டிக்குக் கொடுத்தார்களா’ என்று தள்ளிவிட வேண்டாம்.

இயக்கமாக நாம் கோர வேண்டியவை வேறு. அந்த 400 அலகுச் சொட்டுமருந்தை ஆஷா ஊழியர் வழியாக ஒவ்வொரு குழந்தைக்கும் விலையின்றி வழங்க வேண்டும். அந்த ஊழியருக்கு ஊக்கத்தொகையன்று, ஊதியம் வழங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இம்மருந்து கிடைக்க வேண்டும். எல்லா மாநிலப் பள்ளி உணவிலும் அங்கன்வாடியிலும் முட்டையும் பாலும் இடம்பெற வேண்டும். நியாயவிலைக் கடைகளில் செறிவூட்டிய சமையல் எண்ணெய் மானிய விலையில் கிடைக்க வேண்டும். அதில் சத்து இருக்கிறதா என்று பொது ஆய்வகங்கள் சோதிக்க வேண்டும். உணவுத் துணைப்பொருள் என்ற முகமூடிக்குள் ஒளியும் மருந்துகளை விலைக்கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கோரிக்கை ஒன்றுண்டு; அது நேரம். எட்டு மணிநேர வேலைநாளுக்காக நம் முன்னோர் போராடியபோது, ஓய்வையும் உறக்கத்தையும் மட்டும் கேட்கவில்லை. ஆலைக்கு வெளியே வாழும் நேரத்தைக் கேட்டார்கள். இன்று அந்த நேரம்தான் மீண்டும் பறிக்கப்படுகிறது. ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேர வேலையை அனுமதித்து 2023இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நிறைவேற்றப்பட்ட அத்தகைய மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. விடியுமுன் ஆலைக்குள் சென்று இருட்டியபின் வெளியே வரும் பெண்ணிடம், காலைநேர நடையின் நன்மைகளை எடுத்துரைப்பது கேலிக்கூத்து. நண்பகல் இடைவேளையை உண்மையான இடைவேளையாக்குவதும், ஆலை வளாகத்தில் திறந்த முற்றம் வேண்டுமென்பதும், தொழிலாளர் குடியிருப்பில் பூங்கா வேண்டுமென்பதும், நகரின் காற்று தூய்மையாக வேண்டுமென்பதும் சுகாதாரக் கோரிக்கைகளே.

ஆயுளைப் பற்றிப் பேசுவோர் இன்னொரு கணக்கையும் பார்க்கட்டும். 2016-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி கேரளத்தில் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் ஏறத்தாழ 75 ஆண்டுகள். சத்தீஸ்கரில் பிறக்கும் குழந்தைக்கு ஏறத்தாழ 65. ஒரே நாட்டுக்குள் பத்தாண்டு இடைவெளி. டெலோமியரில் மிச்சமானதாகச் சொல்லப்படும் மூன்றாண்டுக்கு உலகமே வியக்கிறது. மண்ணில் தொலையும் இந்தப் பத்தாண்டுக்கு ஒரு தலைப்புச் செய்தியும் இல்லை. அந்தப் பத்தாண்டைக் கேரள மக்கள் எந்த மாத்திரையிலும் பெறவில்லை. நிலச் சீர்திருத்தம், பள்ளிக்கூடம், பொது விநியோகம், ஊர்தோறும் அரசு மருத்துவமனை, இவற்றுக்காக நடந்த நெடிய போராட்டங்கள் ஆகியவற்றால் பெற்றார்கள். நீண்ட ஆயுளுக்கு மெய்ப்பிக்கப்பட்ட வழி அதுவே. அந்த வழியில் மக்களைத் திரட்டுவது நம் வேலை.